ஏழாம் பாட்டு எத்தனை கட்டை

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. காலை 6.10க்கு எழுந்தேன். தேநீர், இரண்டு பிஸ்கட். சார்ஜில் போட்டிருந்த பதினாறு பற்றரிகளையும் மீட்டரில் அளந்தேன். ஒன்று பலவீனமாக இருந்தது, ஒதுக்கினேன். பாடகர்கள் காதுக்குள் வைத்துக்கொள்ளும் கருவிகள் நான்கையும் துடைத்து, பெயர் ஒட்டிய நான்கு பெட்டிகளில் வைத்தேன். என் மனைவி யோகா இடியப்பமும் சொதியும் கட்டித்தந்தாள்.

"ஐம்பதாவது வருசக் கச்சேரி எண்டு சொல்லிப்போட்டு அந்தப் பழைய சப்பாத்தோடயே போறியள்?" என்றாள்.

"திரைக்குப் பின்னால நிக்கிறவனுக்கு என்ன சப்பாத்து?"

"திரைக்கு முன்னால நிக்கிறவை உங்களைப் பாப்பினம்தானே."

சப்பாத்தை மாற்றினேன். ரெய்னர்ஸ் லேனில் 8.02 ரயில். அரங்கில் 9.10. அதுவரை அது மற்ற எந்தக் கச்சேரி நாளையும் போன்ற நாள்தான்.

அந்தக் கச்சேரிக்குப் பிறகு, சென்ற வருடம், நான் வேலையை விட்டேன். ஐம்பத்தாறு வயதில், காதுப் பரிசோதனையின் முடிவைப் பார்த்தபிறகு. நான் வேலை செய்த ஒலிக்கருவி நிறுவனத்தில் இப்போது இருக்கும் இளையவர்கள் அண்மையில் என்னை ஒரு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். இப்போதெல்லாம் பாட்டின் சுருதி ஒவ்வொரு பாடகரின் முன்னும் திரையில் எழுத்தாகத் தெரிகிறதாம். விரலால் தொட்டால் அரைப்படி இறங்குமாம். "இது இல்லாத காலத்தில என்ன செய்தனீங்கள் அங்கிள்?" என்று ஒருவர் கேட்டார். சாப்பாட்டு மேசையில் சொல்லி முடிக்கக்கூடிய விடை அல்ல அது. ஆகவே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் வானொலிப் பெட்டி திருத்தப் பழகியவன் நான். 1989இல் இங்கே வந்தேன். பெற்றோல் நிலையத்தில் இரண்டரை வருடம், மாலையில் கல்லூரியில் மின்னணுவியல், பிறகு அந்த ஒலிக்கருவி நிறுவனம். 1992 ஜூனில் ஒரு வார இறுதிக்கு மட்டும் என்று சொல்லி என்னை ஆல்டேன்ஸ் குழுவோடு அனுப்பினார்கள். அந்த வார இறுதி முப்பத்தொரு வருடம் நீடித்தது.

ஆல்டேன்ஸ், நான்கு ஆண்கள் பாடும் சோல் இசைக் குழு. பெற்றோர் கரிபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள்; பிள்ளைகள் டூட்டிங்கில் வளர்ந்தவர்கள். 1973இல் அப்பர் டூட்டிங் வீதிக்குப் பின்னால் இருந்த ஒரு தேவாலய மண்டபத்தில் ஒரே பள்ளிக்கூடத்து நண்பர்கள் நால்வர் தொடங்கினார்கள். இன்று அந்த மண்டபத்துக்கு எதிரே கொத்துரொட்டிக் கடை இருக்கிறது. மூன்று வருடங்களுக்குப் பிறகு அவர்களுடைய ஒரு பாட்டு நாடு முழுவதும் கேட்டது. நிகழ்ச்சி நிரலில் அது எப்போதும் ஏழாவதாக வரும் என்பதால் குழுவுக்குள் அதன் பெயர் ஏழாம் பாட்டு. அதற்குப் பிறகு அவ்வளவு பெரிய பாட்டு வரவில்லை. ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டுக் கல்யாணம் செய்தவர்கள் ஐம்பது வருடமாக டிக்கெட் வாங்கினார்கள். ஹோட்டல் மண்டபங்கள், கடற்கரை விடுதிகள், கப்பல்கள், பிறகு மறுபடியும் நல்ல அரங்குகள்.

தொடங்கிய நால்வரில் கடைசிவரை நின்றவர்கள் இருவர். முதன்மைக் குரல் எவ்ரட். அடிக்குரல் கிளாரன்ஸ். நடுவில் நின்ற இரண்டு இடங்களிலும் என் காலத்தில் மட்டும் ஆறு பேர் வந்து போனார்கள். ஒருவர் போதகரானார், ஒருவர் இறந்தார், ஒருவர் சொல்லாமலே போய்விட்டார். புதிதாக வருபவருக்குக் கிளாரன்ஸ் வைத்திருந்த விதி ஒன்று உண்டு. முதல் பன்னிரண்டு கச்சேரிக்கும் போனவருடைய சூட்டைத் தைத்துத் திருத்திப் போட்டுக்கொள்ள வேண்டும். பதின்மூன்றாவதுக்குத்தான் புதுசு. நெட்டையான ஒருவர் பன்னிரண்டு கச்சேரியும் கணுக்கால் தெரியப் பாடினார். இடம் ஆளுக்கு முந்தியது என்பது கிளாரன்ஸின் எண்ணம்.

கிளாரன்ஸ்தான் குழுவின் தலைவர், என் மேலாளரும் அவர்தான். அவருடைய முறைகளை இங்கே குறித்துவைக்க வேண்டும். பிற்பகல் இரண்டு மணி என்றால் 1.50க்கு வருவார். தன் கால்சட்டையைத் தானே இஸ்திரி போடுவார். போட்டபின் மேடைக்குப் போகும்வரை உட்காரமாட்டார். யாரையும் சத்தம் போட்டு நான் கண்டதில்லை. கோபம் வந்தால் கோட்டின் நடுப் பொத்தானைப் போடுவார். முப்பத்தொரு வருடமும் என்னை "மிஸ்டர் நேசன்" என்றுதான் அழைத்தார். எவ்ரட்டுக்கு நான் முதல் நாளிலிருந்தே "நேஸ்." அவர்கள் பேசியது டூட்டிங் ஆங்கிலம். ஆனால் என் நினைவில் அவை எங்கள் பேச்சாகவே இருக்கின்றன; அப்படியே எழுதுகிறேன். எவ்ரட் கிளாரன்ஸை அழைத்த சொல்லுக்கு மச்சான் என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியாது.

என் வேலை என்னவென்றால், பாடகர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் ஒலி. அரங்கத்தில் இருப்பவர்கள் கேட்பதை வேறொருவர் பார்ப்பார். நான் மேடையின் இடப்பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, யாருடைய காதுக்கு யாருடைய குரல் எவ்வளவு போக வேண்டும் என்று கூட்டிக் குறைப்பேன். ஏழாம் பாட்டில் அது முக்கியம். அந்தப் பாட்டு வாத்தியம் இல்லாமல் தொடங்கும். முதலில் கிளாரன்ஸ் தனியாக ஒரு ஆழமான சுரத்தைப் பிடிப்பார். அதன்மேல் மற்ற இருவர். அதன்மேல் எவ்ரட். முதல் பகுதி முடிந்த பிறகுதான் வாத்தியங்கள். எவ்ரட் தன் சுருதியை எடுப்பது கிளாரன்ஸின் குரலிலிருந்து மட்டுமே.

1996 ஜனவரி. கிழக்குக் கரையில் ஒரு விடுமுறை விடுதி. குழுவுக்கு அன்று புது சூட், கடும் நீலம். ஒத்திகையில் ஏழாம் பாட்டு முடிந்ததும் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. நான் சங்கீதம் படித்தவன் அல்ல. ஆனால் வீட்டில் அக்காவின் பாட்டு வகுப்புக்காக ஒரு ஹார்மோனியம் இருந்தது. அக்கா ஐந்தரைக் கட்டை, அவளுடைய தோழி ஐந்து கட்டை. வகுப்புக்கு முன் சரியான கட்டையில் சுருதி பிடித்துக்கொடுப்பது என் வேலை. ஏழாம் பாட்டு அக்காவின் கட்டையில் இருந்தது. அன்று அது தோழியின் கட்டைக்கு இறங்கியிருந்தது.

கிளாரன்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"மிஸ்டர் நேசன், நீங்கள் டயரி எழுதுறனீங்கள் எல்லோ?"

"ஓம்."

"ஆங்கிலத்திலயோ?"

"தமிழில."

"நல்லது. தொடர்ந்து தமிழிலயே எழுதுங்கோ."

அவ்வளவுதான். பிறகு கால்சட்டையை இஸ்திரி போடத் தொடங்கினார்.

எவ்ரட்டின் குரல் மேலே சிரமப்பட்டது என்பது உண்மை. அதை எவ்ரட்டிடம் சொல்ல முடியாது என்பதும் உண்மை. அவருக்கு இருந்த ஒரே பெருமை அந்தப் பாட்டின் உயரம். "ரெக்கோட்டில என்ன சுருதியோ அதே சுருதி, இண்டைக்கும்" என்று வானொலியில் சொல்வார், பத்திரிகைக்காரரிடம் சொல்வார், மேடையிலும் சொல்வார். சனம் கைதட்டும். தன் பழைய ரெக்கோட்டை வீட்டில் ஒருபோதும் போடமாட்டார். சூப்பர்மார்க்கெட்டில் அது ஒலித்தால் கூடையை வைத்துவிட்டு வெளியே போய் நிற்பார்.

கிளாரன்ஸ் சுருதியை இறக்கியது நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரே முறை. ஜனவரியில், லண்டனுக்கு வெளியே, புது சூட் வரும் நாளில். வாத்தியக்காரருக்கு ஒரு கிழமை முன்பே தனித்தனியாகச் சொல்லிவிடுவார். எவ்ரட் ஏதாவது வித்தியாசத்தை உணர்ந்தால் புது சூட்டின் கழுத்துப்பட்டி மேல் பழி போகும். ஒரு தடவை உண்மையிலேயே போனது. "இந்தக் கொலர் நல்லாயிருக்கு, மூச்சு விட ஏலுது" என்றார் எவ்ரட்.

நான் ஏழாம் பாட்டுக்கென்று ஒரு சிவப்பு மட்டைக் குறிப்பேடு வைத்திருந்தேன். ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு வரி. நாள், ஊர், கட்டை, கடைசிச் சுரத்தை எவ்ரட் எத்தனை செக்கன் பிடித்தார், கடைசியில் "அ.கு." என்று ஒரு பத்தி. குழுவின் வான் வண்டியில் போகும்போது எவ்ரட் அதைப் பிடுங்கிப் புரட்டுவார்.

"இந்தச் சுருள் சுருளா இருக்கிறதில என்னைத் திட்டி எழுதியிருக்கிறியோ நேஸ்?"

"திட்டுறதுக்கு இடம் காணாது."

முன் இருக்கையில் கிளாரன்ஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஐம்பதாவது வருடக் கச்சேரிக்கு எட்டு வயலின், செல்லோக்காரர்களைச் சேர்ப்பது என்று முடிவானது. அவர்களுக்கு இசைத்தாள் எழுதியவர் ஹெலன் என்ற பெண். ரெக்கோட்டுக்கு எழுதிய பழைய தாள் அவரிடம் இருந்தது. அதிலிருந்து இப்போது எத்தனை அரைப்படி கீழே பாடுகிறீர்கள் என்று ஆகஸ்டில் கேட்டார். அந்தக் கிழமை கிளாரன்ஸுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் செய்து, பார்த்துச் சொல்லிவிடுங்கள் என்றார்.

குறிப்பேட்டை எடுத்தேன். ரெக்கோட்டில் ஐந்தரைக் கட்டை. இப்போது மூன்று கட்டை. ஐந்தரையில் மூன்று போனால் இரண்டரை. இரண்டரையில் எத்தனை அரை? ஐந்து. ஐந்து அரைப்படி என்று ஹெலனுக்கு எழுதி அனுப்பினேன். அனுப்பிய நேரத்தையும் குறித்துவைத்தேன்.

ஹார்மோனியத்தின் முன் உட்கார்ந்த எந்தப் பிள்ளையும் சிரிக்கும் பிழை இது. வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுவோம். நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் அரை. ஆனால் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பு இல்லை. மூன்றரைக் கட்டை என்று உலகத்தில் ஒன்று கிடையாது. ஐந்தரையிலிருந்து விரல் வைத்து இறங்கினால் ஐந்து, நாலரை, நாலு, மூன்று. நாலே அரைப்படி. நான் விரல் வைக்கவில்லை. கணக்குச் செய்தேன்.

அக்டோபர் 14, பிற்பகல் 3.20. அரங்கத்தில் ஒத்திகை. கிளாரன்ஸ் தன் சுரத்தைப் பிடித்தார். மற்ற இருவர் சேர்ந்தார்கள். எவ்ரட் சேர்ந்தார். வாத்தியங்கள் வந்தன. எல்லாம் சரி. இரண்டாம் சரணத்தில் ஹெலன் கையை உயர்த்த, எட்டுப் பேரும் வில்லை இழுத்தார்கள்.

பல் கூசியது. அந்தச் சத்தத்துக்கு வேறு சொல் தெரியவில்லை.

ஹெலன் நிறுத்தினார். "மன்னிக்க வேணும். எங்கட தாளில ஈ-பிளாட்."

"நாங்கள் ஈ" என்றார் கீபோர்ட்காரர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது.

எவ்ரட் சிரித்தார். "ரெண்டு பகுதியும் பிழை. இது ஏ-பிளாட். நீங்கள் பிறக்க முதல் இருந்தே ஏ-பிளாட்."

அவர் சொன்னது ரெக்கோட்டின் ஐந்தரைக் கட்டை; நாங்கள் பாடிக்கொண்டிருந்தது மூன்று. ஒருவரும் சிரிக்கவில்லை. கீபோர்ட்காரர் தன் கட்டைகளைப் பார்த்தார். கிற்றார்காரர் தன் சப்பாத்தைப் பார்த்தார். எவ்ரட் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து கடைசியில் கிளாரன்ஸிடம் நின்றார். கிளாரன்ஸ் நடுப் பொத்தானைப் போட்டார். கோபத்தில் அல்ல. அவருக்கு அந்த நேரத்தில் கைக்கு வேறு வேலை கிடைக்கவில்லை.

எவ்ரட் இடக் காதுக் கருவியைக் கழற்றினார். வலக் காதுக் கருவியைக் கழற்றினார். நான் பழக்கியபடியே வயரைச் சுருட்டி, முக்காலியில் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினார்.

கிளாரன்ஸ் திரைக்குப் பின்னால் என்னிடம் வந்தார்.

"மிஸ்டர் நேசன், ஹெலனுக்கு எத்தினை எண்டு சொன்னனீங்கள்?"

"அஞ்சு."

"நாலு."

"அஞ்சரையில மூண்டைக் கழிச்சால்..."

"கழிக்கிறேல்லை, மிஸ்டர் நேசன். எண்ணுறது."

நான் அப்போதுதான் மனதுக்குள் விரலை வைத்து எண்ணினேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு கச்சேரியைக்கூடக் குறிக்காமல் விடாதவன். இருபத்தேழு வருடம் காத்த ஒரு விஷயத்தை ஒரு கழித்தலில் போட்டு உடைத்திருந்தேன். மாலை ஏழரைக்குத் திரை எழவேண்டும். எல்லா இருக்கையும் விற்றாகிவிட்டது. எவ்ரட் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

அவரிடம் யார் போவது என்று பேச்சு வந்தது. கிளாரன்ஸ் போனால் திறக்கமாட்டார். எனக்கு ஒரு சாக்கு இருந்தது, காதுக் கருவி. 4.05க்குக் கதவைத் தட்டினேன்.

"ஆர்?"

"நேஸ். உங்கட காதை வச்சிட்டுப் போட்டியள்."

கதவு திறந்தது. கோட்டைக் கழற்றியிருந்தார். தன் தெருச் சப்பாத்தைப் போட்டிருந்தார். அதை நான் கவனித்ததை அவர் கவனித்தார்.

"வீட்டை போறன்," என்றார். "எத்தினை வருசமோ ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். போன கிழமையும் வானொலியில சொன்னனான். உனக்குத் தெரியும். ட்ரம்ஸ்காரனுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

"ஓம். தெரியும்."

"அந்தப் புத்தகத்தில இருக்கோ?"

"இருக்கு."

"வாசி."

உட்காரச் சொல்லவில்லை. சுருதி மாறிய நாட்களின் வரிகளையும் போன மாத வரியையும் கடைசிப் பக்கத்தில் சேர்த்து எழுதி வைத்திருந்தேன்; அதை நின்றபடியே வாசித்தேன். 1992 ஜூன், ஐந்தரை. 1996 ஜனவரி, ஐந்து. 2003 ஜனவரி, நாலரை. 2011 ஜனவரி, நாலு. 2018 ஜனவரி, மூன்று. கட்டை என்றால் என்ன என்று கேட்டார். மேசை விளிம்பில் விரலால் கீபோர்ட் ஒன்று வரைந்து காட்டினேன். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பு இல்லை என்பதையும், நான் செய்த பிழையையும் சொன்னேன்.

"அப்ப உன்ர கணக்குச் சரியா இருந்திருந்தால் எனக்கு இண்டைக்கும் தெரிய வந்திராது."

"வந்திராது."

"நான் நல்லாப் பாடினன் எண்டு எங்கயாவது எழுதியிருக்கிறியோ?"

"நான் கருத்து எழுதுறேல்லை. செக்கன்தான் எழுதுறனான்."

"சொல்லு."

"1992இல கடைசிச் சுரம் எட்டுச் செக்கன். போன மாதம் பதினொண்டு."

அவர் தண்ணீர் குடித்தார். பிறகு புத்தகத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துத்தான் தெரியாது, எண்கள் தெரியும். கடைசிப் பத்தியில் விரலை வைத்தார்.

"இது என்ன? பூச்சியம், ஒண்டு, ரெண்டு, நாலு, ஏழு. இப்ப ஒன்பது."

அதை மறைக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கேட்பார் என்று யாரும் நினைக்காததால்.

"அ.கு. அடிக்குரல். கிளாரன்ஸின்ர முதல் சுரத்தை உங்கட காதுக்கு எவ்வளவு ஏத்திறன் எண்ட கணக்கு."

"ஏன் ஏத்திறாய்?"

"கேக்காது எண்டு."

"ஏன் கேக்காது?"

"உங்களுக்கு ஒரு படி இறக்கினால் அவருக்கும் ஒரு படி இறங்கும்தானே. அவர் ஏற்கெனவே அடியில நிண்டவர்."

எவ்ரட் விரலை அந்தப் பத்தியில் மேலிருந்து கீழாக ஒரு தடவை கொண்டுபோனார். பிறகு கீழிருந்து மேலாக. எழுந்து, புத்தகத்தைக் கையில் வைத்தபடியே, தெருச் சப்பாத்தோடு கிளாரன்ஸின் அறைக்கு நடந்தார். நானும் போனேன். காதுக் கருவி இன்னும் என் கையில்தான் இருந்தது.

கிளாரன்ஸ் கால்சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். முழங்கால் கட்டு தெரிய, உள்ளே போடும் அரைக் கால்சட்டையோடு. எழுபத்தைந்து வயது. நிமிரவில்லை.

"எத்தினை வருசம் மச்சான்?"

"இருபத்தேழு."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நிப்பாட்டியிருப்பாய்."

"ஓம். நிப்பாட்டியிருப்பன்."

"அதுதான்."

இஸ்திரிப் பெட்டி ஒரு தடவை போய் வந்தது.

"உன்ர முதல் சுரத்தைப் பாடு," என்றார் எவ்ரட். "இஞ்ச. மைக் இல்லாமல்."

"குரலை வீணாக்கக் கூடாது. இன்னும் மூண்டு மணித்தியாலம்..."

"பாடு மச்சான்."

கிளாரன்ஸ் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மூச்செடுத்தார். பாடினார். நான் அவருக்கு ஆறடி தூரத்தில் நின்றேன். சுரம் சரியான இடத்தில்தான் இருந்தது. ஆனால் அதில் குரலைவிடக் காற்றுத்தான் அதிகம். என் கருவி வழியாக இத்தனை வருடம் கேட்டுப் பழகிய எனக்கே அதை வெறும் காதால் கேட்பது அதுதான் முதல் தடவை.

"இதையோ நான் பிடிச்சுக்கொண்டு ஏறினனான்?" என்றார் எவ்ரட்.

"நேசன் ஏத்திக் குடுப்பார்."

"நேஸ் எல்லாத்தையும்தான் ஏத்துவான். கணக்கை மட்டும் விட்டிடுவான்."

கிளாரன்ஸ் சிரித்தார். இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அதற்கான இடம் எனக்கு இல்லை என்று நினைத்தேன். பிறகு எவ்ரட் புத்தகத்தைத் திறந்து, 2011க்கு நேரே இருந்த எண்ணில் விரலை வைத்து என்னிடம் நீட்டினார்.

"இதுக்கு என்ன பேர் சொன்னனி?"

"நாலு."

"நா-லு," என்றார், தமிழிலேயே. "இண்டைக்கு நாலு. நான் ஒரு படி ஏறிறன். இவனும் ஏறட்டும்."

"எவ்ரட், நாலில நீ கடைசியாப் பாடினது ஆறு வருசத்துக்கு முந்தி. மேல் சுரம் உடைஞ்சால்?" என்றார் கிளாரன்ஸ்.

"உடைஞ்சால் நேஸ் செக்கனை எழுதட்டும்."

மற்றது வேலை. நாலு கட்டை என்றால் எஃப். ஹெலனிடம் போய் என் பிழையைச் சொன்னேன். தாள்களை இரண்டு அரைப்படி மேலே மாற்றி அச்சடிக்க வேண்டும் என்றேன். "ரெண்டு எண்டு நிச்சயமா?" என்று கேட்டார். கீபோர்ட்காரரைக் கூப்பிட்டு அவருடைய விரலால் எண்ண வைத்தேன். ஈ-பிளாட், ஈ, எஃப். அரங்க அலுவலகத்தின் பிரிண்டரில் 5.40க்கு அச்சாகி முடிந்தது. ஒரு தாள் சிக்கியது. இரண்டாம் தடவை வந்தது. வயலின்காரர்கள் எஃப் என்றதும் சந்தோஷப்பட்டார்கள், அது அவர்களுக்கு வசதியான இடமாம். 6.15க்குப் பற்றரிகளை மாற்றினேன். எவ்ரட் மேடைச் சப்பாத்துக்கு மாறியிருந்தார்.

ஏழாம் பாட்டு 8.21க்குத் தொடங்கியது. அதற்கு முன் எவ்ரட் வழக்கமாகச் சொல்லும் வாசகத்துக்காகச் சனம் காத்திருந்தது. சிலர் கைதட்டவே தொடங்கிவிட்டார்கள். எவ்ரட் அவர்களைக் கையால் அமர்த்தினார்.

"இது ரெக்கோட்டில இருக்கிற அதே சுருதி எண்டு உங்களுக்கு எப்பவும் சொல்லுவன். இல்லை. எனக்கும் இண்டைக்குத்தான் தெரியும். இந்த மனுசன் என்னை ஒவ்வொரு படியா, நான் விழாமல், கையைப் பிடிச்சு இறக்கிக்கொண்டு வந்திருக்கிறான். இண்டைக்கு நாங்கள் ரெண்டு பேரும் ஒரு படி மேல நிண்டு பாடப் போறம். குடு மச்சான்."

கிளாரன்ஸ் சுரத்தைப் பிடித்தார். என் விரல் வழக்கம்போல ஒன்பதுக்குப் போனது. அது அதிகம் என்று கேட்ட உடனே தெரிந்தது. ஆறுக்கு இறக்கினேன். ஐந்துக்கு. நாலில் நின்றது. நாலில் கிளாரன்ஸின் குரல் தன் பலத்திலேயே நின்றது. எவ்ரட் அவர் பக்கம் திரும்பி, தன் வலக் காதிலிருந்த கருவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். எனக்கு அதுவரை எந்தப் பாடகரும் செய்யாத அவமரியாதை அது. அதைப்போல ஒரு சந்தோஷமும் அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை.

கடைசி மேல் சுரம். எவ்ரட் கண்ணை மூடினார். ஏறும்போது குரல் ஓரத்தில் கீறியது, உடையவில்லை. நான் மணிக்கூட்டை அழுத்தினேன். ஏழு செக்கன். முப்பத்தொரு வருடத்தில் ஆகக் குறைந்தது அதுதான். எழும்பி நின்ற சனம் அடுத்த பாட்டைத் தொடங்க விடவில்லை. அது எத்தனை செக்கன் என்று நான் குறிக்கவில்லை. இரண்டு கையும் கருவியில் இருந்தது என்று சொல்லலாம். உண்மையில் நானும் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

திரை விழுந்த பிறகு காதுக் கருவிகளைச் சேகரித்தேன். எவ்ரட் சட்டைப் பையில் இருந்ததை எடுத்துத் தந்தார். புத்தகத்தையும் திருப்பித் தந்தார்.

"நேஸ், இதை எனக்கு வாசிக்கக் கூடிய எழுத்தில எழுதித் தா. முழுதும்."

"முழுதும் எண்டால் ஆயிரத்துக்கு மேல வரி வரும்."

"உனக்கு வேற என்ன வேலை?"

கிளாரன்ஸ் தூரத்தில் நின்று கோட்டைக் கழற்றி, தோள் சரியாக விழும்படி ஹாங்கரில் மாட்டிக்கொண்டிருந்தார். "மிஸ்டர் நேசன்," என்று மட்டும் சொல்லித் தலையசைத்தார்.

மறுநாள் ஞாயிறு. காலை 6.10க்கு எழுந்தேன். தேநீர் வைக்கவில்லை. படிக்கட்டுக்கு அடியில் இருந்த மகளின் பழைய கீபோர்டை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் தூசி துடைத்தேன். சத்தத்துக்கு யோகா எழுந்துவந்து, "விடியக் காலமை பாட்டுப் பழகப் போறியளோ?" என்று கேட்டாள். ஒரு புதுக் கொப்பியைத் திறந்து, கோடு போட்டு, ஆங்கிலத்தில் எழுதுவதற்குப் பத்திகள் பிரித்தேன். ஒவ்வொரு கட்டைக்கும் விரலை வைத்து, அழுத்தி, கேட்டு, எண்ணிய பிறகே எழுதுவது என்று தீர்மானித்தேன். ஆனால் கட்டைப் பத்தியை நான் முதலில் எழுதவில்லை. கொப்பியின் இடது ஓரத்தில், கண் முதலில் விழும் இடத்தில், அ.கு. பத்திக்குக் கிளாரன்ஸின் பெயரைத் தலைப்பாக எழுதி, அதன் கீழே முதல் வரியில் பூச்சியம் போட்டேன்.